கடைசி மடக்கு

தம்ளரில் ஒரு மடக்கு மிச்சமிருந்தது.

அதைக் கண்டதும் அம்மிணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நிலைப்படியிலேயே நின்று இரண்டு கையையும் கூப்பி, "வந்தாரு பிள்ளே, வந்து குடிச்சாச்சு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். தெற்கு அறைக்குள் விளக்குத்திரி கருகிய வாடை அடித்தது. இலையில் சோறும் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வைத்தது வைத்தபடி ஆறிக் கிடந்தன. விளிம்பு முட்ட ஊற்றி வைத்த சிவப்பு ஒயின் மட்டும் கண்ணாடித் தம்ளரின் அடிக்குப் போயிருந்தது. மருமகள் கார்த்தியாயினி மாமியாரின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. முழுக்கக் குடிக்காமல் எதற்கு ஒரு மடக்கு மிச்சம்?

மாமனார் குட்டப்பன் மிச்சம் வைக்கிற ஆளே இல்லை. காரோடு என்கிற ஊர்ப்பக்கத்தில் தென்னை ஏறிக் கள்ளிறக்கிப் பிழைத்தவர், செத்துச் சில வருஷமாகிவிட்டது. தான் ஏறி இறக்கின கள்ளைத் தவிர வேறெதையும் வாயில் வைக்கமாட்டார். கள்ளு ஷாப்பில் யாராவது மரியாதைக்கு வாங்கிக் கொடுத்தாலும், "நான் ஏறாத மரத்துக்க சாதனம் எனக்கு வேண்டாம்" என்று கையை உதறிவிடுவார். குடித்தால் கடைசிச் சொட்டுவரை குடித்து, தம்ளரைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் எழும்புவார். சாயா குடித்தாலும் அப்படித்தான், மெழுகின தரையெல்லாம் வட்டம் வட்டமாகக் கறை விழும். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் கறைகளைத் துடைத்தே இடுப்பொடிந்தவள் கார்த்தியாயினி. அவளுக்கு அது மறக்குமா?

மிச்சம் வைக்கிற ஆள் வேறே. குட்டப்பனின் மகன் சோமன், இவளைக் கட்டினவன். சாயாவோ கஞ்சிவெள்ளமோ, எது குடித்தாலும் கடைசி மடக்கைத் தம்ளரிலேயே விட்டு அவள் பக்கமாக நகர்த்தி வைப்பான். வாயைத் திறந்து ஒன்றும் சொல்லமாட்டான். மாமியார் பார்க்காத நேரம் அவள் அதை எடுத்துக் குடித்துவிட வேண்டும். ஒரே அறையில் நாலுபேர் படுத்த அந்தக் காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த கொஞ்சல் அதுதான்.

சோமன் கல்ஃபில் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். இந்தக் கதவு திறக்கிறவரைக்கும் அவள் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

வீடு நிற்கிற பத்து சென்ட் குடிகிடப்புச் சட்டத்தில் வந்தது. குடிசை போட்டுக் கிடந்தவனுக்கே குடிசை மண் என்று சர்க்கார் சொல்லிவிட்டதும், உடைமைக்காரர் ஆளனுப்பினார், மண்ணை எடுத்துக்கோ, அதில் நிற்கிற தென்னை ரெண்டும் என்னுடையது என்று. குட்டப்பன் பாளை சீவுகிற அரிவாளோடு மரத்தடியில் போய் உட்கார்ந்தவர், பட்டயம் கைக்கு வரும்வரை கூரைக்குள் வந்து படுக்கவில்லை. மழையிலும் அங்கேதான். "எனக்க ரெண்டு மரத்துல எவனாவது கை வச்சான்னா, செத்துக் கிடந்தாலும் எழும்பி வருவேன் கேட்டியா" என்று வழியில் போகிறவனையெல்லாம் நிறுத்திச் சொன்னார். சாகக் கிடக்கும்போது மகனிடமும் அதையே சொன்னார். சோமன் தலையாட்டினான்.

தலையாட்டினவன் பிறகு பிளேன் ஏறினான், பணம் அனுப்பினான், கான்கிரீட் வீடு எழும்பியது. அஸ்திவாரத்துக்கு இடைஞ்சலாக நின்ற இரண்டு மரத்தையும் வெட்டச் சொல்லிக் கேசட்டில் பேசி அனுப்பியதும் அவனேதான். யாரைக் குற்றம் சொல்ல, ஊரே அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. வெட்டி மிஞ்சின அடிக்குற்றிகள் இரண்டும் முற்றத்து சிமெண்டுக்கு நடுவில் இப்போதும் தெரிந்தன. மழை விழுந்தால் அவை மட்டும் கறுப்பாக நனைந்து கிடக்கும்.

ஆடி அமாவாசைக்கு, ஊர்ப்பேச்சில் ஆடி வாவுக்கு, இந்தப் பக்கத்தில் வச்சுக்கொடுப்பது உண்டு. செத்தவர்களுக்குப் பிடித்ததை இலையில் வைத்து, குடிக்கிற ஆளென்றால் ஒரு தம்ளர் ஊற்றி, பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். கொஞ்சநேரம் கழித்து கதவை மூன்றுதரம் தட்டவேண்டும். தட்டினால் வந்தவர் போயே ஆகவேண்டும். தட்டாமல் திறந்தால் வந்தவர் அங்கேயே நின்றுவிடுவார் என்பார்கள். மரம் போனபிறகு அம்மிணி ஷாப்புக் கள் வாங்கி வைத்துப் பார்த்தாள். ஒரு சொட்டுக் குறையவில்லை, ஈ செத்து மிதந்தது. "அப்பனுக்குக் கோவமாக்கும், பிள்ளைக்கு ஆபத்து வரும்" என்று அன்றைக்கே அவள் அழுதாள். இந்த வருஷமோ கொஞ்ச நாளாகச் சோமனிடமிருந்து கேசட்டும் வரவில்லை, பேச்சும் வரவில்லை. வீட்டில் இருப்பதிலேயே உயர்ந்தது எது என்று தேடினாள். அலமாரிக்குள் ஒயின் இருந்தது.

சோமன் அங்கே ஒரு இத்தாலிக்கார எஞ்சினியர் வீட்டில் சமையல்காரன். எஞ்சினியரின் குடும்பத்துக்கு அவர்கள் நாட்டில் கடற்கரையை ஒட்டி முந்திரித் தோட்டம், அதாவது திராட்சைத் தோட்டம் உண்டு. அங்கே பிழிந்த சிவப்பு ஒயின் மூன்று குப்பியை, லீவில் வந்த பக்கத்துவீட்டு ராபின்சனிடம் கொடுத்து விட்டிருந்தான். கறுத்த குப்பி, ஒட்டின தாளில் ஒரு சரிவு, சரிவெல்லாம் வரிவரியாகக் கொடி, கீழே கடல். கூடவே வந்த கேசட்டில் சோமன் பேசியிருந்தான்: "கார்த்தி, அங்கயும் நம்ம ஊரு மாதிரி சிவந்த மண்ணாக்கும். பழம் பழுக்குத நேரம் கடல்காத்து அடிச்சு உப்பு படியுமாம், குடிச்சா நாக்குல தெரியும்னு சொல்லுகாரு. ரெண்டு வருஷம் மரப்பீப்பாயில கிடந்துதான் குப்பிக்கே வருது. அங்கயும் கவர்மெண்டு நிலத்தப் பிடுங்கி உழுதவனுக்குக் கொடுத்ததாம், இவங்களுக்கு மிஞ்சுனது இந்தச் சரிவு. ஊத்திக் கொடுக்குததுதான் எனக்க வேலை, நான் ஒரு துள்ளி குடிச்சதில்ல. நான் வந்து நாம சேந்து உடைப்போம். கடைசி மடக்கு உனக்கு."

நான் குடிச்சதில்ல. அதுதான் இப்போது அவள் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது.

அம்மிணி இலையைச் சுருட்டிக்கொண்டு போனாள். "அந்த மிச்சத்த நீ குடி பிள்ளே, பிரசாதமாக்கும்" என்றாள் போகிறபோக்கில். கார்த்தியாயினி தம்ளரை எடுத்தாள். நாவல்பழச் சாறு மாதிரி கறுஞ்சிவப்பு. குடித்தால் யார் வந்தது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். பின்வாசலில் போய் வாழைமூட்டில் கொட்டினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு வீடு பிடிக்காமல் போயிற்று. ஆடிமாசத்துச் சாரல் பகலையும் சாயங்காலமாக்கி வைத்திருந்தது. புதுச்சுவரின் ஈரச் சுண்ணாம்பு வாடைக்கும், அடுப்பில் எரியாமல் புகைகிற தென்னமட்டை வாடைக்கும் நடுவில் வேறொரு வாடை வந்து வந்து போனது. கல்ஃபிலிருந்து வந்த பெட்டியைத் திறந்த உடனே அடிக்குமே, சோப்பும் அத்தரும் புதுத்துணியும் கலந்த ஒன்று, அது. எந்தப் பெட்டியும் திறக்கவில்லை. தெற்கு அறையைக் கடக்கும்போது மட்டும் அது கனத்தது. மாமியாரிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். உன் மகன் செத்துப்போயிட்டான், நான் கண்டேன் என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? எதைக் கண்டாள், ஒரு மடக்கு ஒயினை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அம்மிணி பாறசாலைச் சந்தைக்குப் போன ஒரு மத்தியானம் அவள் பொறுக்கமுடியாமல் அந்தக் குப்பியை எடுத்தாள். அமாவாசையன்று கார்க்கைத் திறக்கத் தெரியாமல் அகப்பைக் காம்பால் உள்ளே தள்ளியிருந்தார்கள், அது இன்னும் கழுத்துக்குள் மிதந்தது. தம்ளரை நிறைத்துத் தெற்கு அறையில் வைத்தாள். விளக்கு இல்லை, இலை இல்லை, பேர் சொல்லி யாரையும் கூப்பிடவில்லை. கதவைச் சாத்தி அதிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு ஓட்டுக்கூரை இறப்பிலிருந்து மழைத்தண்ணீர் வாளியில் விழுகிற சத்தம், எங்கோ ஒரு ஆடு கத்துகிற சத்தம், அதற்கப்புறம் இவளுடைய மூச்சு.

அதற்கப்புறம் உள்ளே ஒரு உறிஞ்சல்.

சின்னது. சூடான சாயாவை ஊதி உறிஞ்சுகிற மாதிரி. பிறகு நிறுத்தம். மறுபடி உறிஞ்சல். அவளுக்குத் தெரிந்த நிறுத்தம் அது. உறிஞ்சி, தம்ளரை இறக்கி, முற்றத்தைப் பார்த்து, மறுபடி எடுப்பான். எத்தனை விடியலில் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். கண்ணில் தண்ணீர் தானாக இறங்கியது. பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை. எழுந்து கதவில் கை வைத்தாள். மூன்றுதரம் தட்டவேண்டும். கை ஓங்கியது. தட்டினால் போய்விடுவான். வெயிலிலும் மணலிலும் கிடந்து வீட்டுக்கு வந்து சேர்ந்தவனை நாயை விரட்டுகிற மாதிரி விரட்ட அவளுக்கு மனம் வரவில்லை. தட்டாமலே திறந்தாள்.

அறையில் யாருமில்லை. தம்ளர் வைத்த இடத்தில் இல்லை, கதவுப்பக்கமாக, அவள் பக்கமாக நகர்ந்திருந்தது. அதில் ஒரு மடக்கு மிச்சம்.

மறுநாள் காலையில் ராபின்சன் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். கார்த்தியாயினி தூணைப் பிடித்துக்கொண்டாள். சாவுச்சேதி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

"அக்கா, சோமண்ணன் வாறானாம்" என்றான் ராபின்சன். "காரக்கோணம் முக்குல மருந்துக்கடைக்கு போன் வந்தது. நாளைக்குப் பிளேன்."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மிணி, "எனக்க மக்கா" என்று மாரில் கைவைத்துக்கொண்டாள்.

ராபின்சன் தலையைச் சொறிந்தான். "உங்கள பயப்படுத்தாண்டாம்னு சொல்லாம இருந்தேன். ஒயின் வைக்குத அறையில ஏணி சறுக்கி விழுந்து தலையில அடியாக்கும். ஓர்மையே இல்லாம கிடந்தான். டாக்டர்மார் கையை விரிச்சாச்சு. ஆடி வாவு அன்னிக்கு சாயங்காலம் பட்டுனு எழும்பி உக்காந்தானாம். சும்மா சொல்லப்பிடாது, தெய்வம் உண்டு. ஆனா முன்ன மாதிரி பேச்சில்ல, கூப்பிட்டாத் திரும்பிப் பாக்கமாட்டான்னு கூட இருக்கப்பட்டவன் சொல்லுகான். அடிபட்டதுனாலாக்கும், சரியாவும்."

"அவரு வந்து குடிச்சாருல்லா, அதாக்கும் பிள்ளை எழும்பினான்" என்றாள் அம்மிணி.

அப்படியும் இருக்கலாமே என்று கார்த்தியாயினி தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். மாமனார் செத்தபிறகு கொஞ்சம் நாகரிகம் படித்து மிச்சம் வைத்திருக்கலாம். வீட்டைக் கழுவினாள், தலைக்குக் குளித்தாள், ஆற்றுமீன் வாங்கிக் குழம்பு வைத்தாள். தெற்கு அறையை மட்டும் திறக்கவில்லை. அதைக் கடக்கும்போது அந்தப் பெட்டி வாடை இன்னும் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தாள்.

டாக்சி மத்தியானம் வந்தது. சோமன் இறங்கினான். அதே சுருட்டை முடி, அதே கன்னத்துக் குழி, நெற்றியோரம் புதுத்தழும்பு. அவள் கண்ணாரப் பார்த்தாள், உயிர் வந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை, ஓடிப்போன தாயையும் பார்க்கவில்லை. முற்றத்து நடுவில் போய் நின்று, சிமெண்டுக்கு மேல் தலைநீட்டியிருந்த குற்றிகளைப் பார்த்தான். குனிந்து ஒன்றின்மேல் கையை வைத்து, ரொம்பநேரம் அப்படியே நின்றான். டிரைவர் பெட்டிகளை இறக்கி முடித்தும் நின்றான்.

"உள்ள வா மக்கா, நனையாதே" என்றாள் அம்மிணி.

வந்து வராந்தாவில் தரையில் உட்கார்ந்தான். நாற்காலி போட்டிருந்தும் தரையில்தான். கார்த்தியாயினி சாயா கொண்டுவந்து முன்னால் வைத்து, ஓரமாக நின்றாள். அந்தக் கடைசி மடக்குக்காகத்தான் நின்றாள். வேறு எதுவும் அவளுக்கு வேண்டாம், தங்கமும் வேண்டாம் சேலையும் வேண்டாம். அது ஒன்று கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அவன் ஊதவில்லை. கொதிக்கக் கொதிக்க ஒரே மூச்சில் அண்ணாந்து குடித்தான். கடைசிச் சொட்டு நாக்கில் விழும்வரை தம்ளரைப் பிடித்துக்கொண்டிருந்தான். பிறகு தரையில் கவிழ்த்து வைத்தான்.

கார்த்தியாயினி மாமியாரைப் பார்த்தாள். அம்மிணி கவிழ்ந்த தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெல்ல, யாரும் சொல்லாமலே, தோளிலிருந்து நழுவிய நேரியதுத் துண்டை இழுத்து மாரை மூடிக்கொண்டாள். கலைந்த முடியை ஒதுக்கினாள். எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து, தலையைக் குனிந்து நின்றாள். பெற்ற மகன் முன்னால் எந்தத் தாயும் அப்படி நிற்கமாட்டாள். அவள் முகத்தில் வெட்கம் இருந்தது.

"ஒயின் இருக்கு, எடுக்கட்டா?" என்றாள் கார்த்தியாயினி. "நீங்க அனுப்பினது. நாம சேந்து குடிக்கணும்னு சொன்னீங்களே."

"நான் ஏறி எடுக்காத சாதனம் எனக்கு என்னத்துக்கு?" என்றான் சோமன்.

சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றினான். காலுறையைக் கழற்றினான். வாழ்க்கையில் ஒரு மரம் ஏறியறியாத சோமனின் பாதங்களில், இரண்டு பக்கமும், மரமேறிகள் மாட்டுகிற தளைக்கயிறு இறுக்கி இறுக்கிக் காய்த்த கறுப்புத் தழும்பு இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்த யாரிடம் போவது? மெல்லப் பின்னால் நகர்ந்தாள். சுவரைத் தடவித் தடவி. அலமாரியில் குப்பி. கையில் தம்ளர். தெற்கு அறை. உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

வாடை மூக்கில் வந்து மோதியது. சோப்பு, அத்தர், புதுத்துணி. அவனுடையதுதான்.

குப்பியில் கிடந்ததையெல்லாம் ஊற்றினாள். வண்டல் விழுந்தது, கறுப்பாக. தரையில் வைத்து எதிரில் உட்கார்ந்தாள். "நீங்கதானே?" என்று கேட்டாள். "நான் உங்களத் தட்டி அனுப்பல. பாத்தீங்களா, அனுப்பல."

உறிஞ்சல்.

அவள் கண்முன்னே ஒயின் இறங்கியது. நிறுத்தம். மறுபடி இறங்கியது. ஒரு மடக்கு மிச்சம் நின்றது. தம்ளர் தரையை உரசிக்கொண்டு அவள் பக்கமாக நகர்ந்து வந்தது.

எடுத்தாள். குடித்தாள். துவர்ப்பு. அதற்கடியில் உப்பு, அவன் சொன்ன அதே கடல் உப்பு. தம்ளரின் விளிம்பு சூடாக இருந்தது, இப்போதுதான் ஒரு வாய் விலகின சூடு. பக்கத்தில் யாரோ உட்கார்கிற மாதிரி காற்று கனத்தது. அவளுடைய மணிக்கட்டை விரல்கள் பிடித்தன. குளிர்ந்த விரல்கள். அவளுக்குப் பழக்கமான பிடி.

வெளியே வெறுங்காலடி.

கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில் வெளிச்சம் மறைந்தது. இரண்டு பாதம். தழும்பு.

"மாமா" என்றாள் கார்த்தியாயினி. கட்டின புருஷனின் முகத்தோடு அங்கே நிற்கிறவனை அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். "மாமா, தட்டாண்டாம். மரம் வேற நட்டுத் தாறோம். காலப் பிடிக்கேன். தட்டாண்டாம்."

ஒரு தட்டு.

பிடி இறுகியது.

இரண்டாவது தட்டு. கதவுக்கு அந்தப் பக்கம், தாழ்ந்த குரலில், அம்மிணி ஏதோ கேட்டாள். புருஷனிடம் கேட்கிற குரல்.

பிடி இன்னும் இறுகியது. அவளும் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது தட்டு.

விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. சுண்டுவிரல் கடைசியாக. அறையில் ஈரச் சுண்ணாம்பு வாடை மட்டும் இருந்தது.

"இனித் திறக்கலாம் பிள்ளே" என்றது சோமனின் குரல்.